கொடுப்பவர் யார், தீர்மானிப்பவர் யார்?

அறக்கட்டளை என்ற சொல்லைக் கேட்டதுமே எம்மவர் பலர் கைகூப்பி விடுகின்றனர். கொடுக்கிறவனிடம் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்பது எம்மிடையே ஊறிப்போன எண்ணம். மொன்றியலின் ஷான்யோன் குடும்ப அறக்கட்டளையின் வரலாறு இந்த எண்ணத்தை மறுபரிசீலனை செய்யுமாறு எம்மைக் கேட்கிறது.

இந்நகருக்குக் குடும்ப அறக்கட்டளைகள் புதியனவல்ல. சீனி ஆலை முதலாளியான மக்கொனல் 1937இல் நிறுவிய அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. ஆனால் ஷான்யோன் விடயம் வேறு. மின்வேலைத் தொழிலிலிருந்து வந்த அந்த்ரே ஷான்யோன், 1964இல் தொடங்கிய வீடியோத்ரோன் கேபிள் நிறுவனத்தை 2000இல் கெபெக்கோருக்கு விற்றார். அவ்வாண்டே ஏறத்தாழ 1.4 பில்லியன் டொலருடன் அவரும் மனைவி லூசியும் அறக்கட்டளையை அமைத்தனர். வறுமையை அது தோன்றுமுன்னரே தடுப்பதும், அதற்காகப் பிள்ளைகளின் கல்வியில் முதலிடுவதும் அதன் நோக்கங்களாயின.

நோக்கத்தில் குறைசொல்ல எதுவுமில்லை. கேள்வி எழுந்தது கியூபெக் அரசு அதனுடன் கைகோத்தபோதுதான். சிறுபிள்ளைகளின் வளர்ச்சிக்கென 2009இல் சட்டமூலம் உருவாக்கப்பட்ட நிதியத்துக்கு அறக்கட்டளை ஆண்டுக்கு 25 மில்லியனும் அரசு 15 மில்லியனுமாகப் பத்தாண்டுகளுக்கு 400 மில்லியன் டொலர் என ஒப்புக்கொள்ளப்பட்டது. பொதுப்பணத்தை எங்கே, எப்படிச் செலவிடுவது என்பதில் வாக்காளர் தெரிவுசெய்யாத ஒரு குடும்பத்துக்கும் பங்கு கிடைத்தது. சமூக அமைப்புகள் பல இதனை எதிர்த்தன. பெற்றோரின் பழக்கவழக்கங்களைத் திருத்தினால் வறுமை தீரும் என்பதுபோல் திட்டங்கள் அமைவதாகவும், வாடகையும் சம்பளமும் பேசப்படாமல் போவதாகவும் அவை வாதிட்டன. பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் கோட்-டே-நேஜிலும் இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் எமது பெற்றோருக்கு இந்த வாதம் விளங்காததல்ல.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நீண்டகால நிதி என்பது சிறிய அமைப்புகளுக்குக் கிடைத்தற்கரியது. இவ்வொப்பந்தங்கள் புதுப்பிக்கப்படமாட்டா என 2015இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், அரசின் சிக்கன நடவடிக்கைகள் ஏற்றத்தாழ்வைக் கூட்டும் என எச்சரித்த அறக்கட்டளைகளுள் இதுவும் ஒன்று. விமர்சனம் வீண்போகவில்லை என்றே இதை நாம் கொள்ளலாம்.

எனினும் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. அறக்கட்டளைப் பணம் வரிச்சலுகை பெற்ற பணம். அதன் முதல் பெரும்பாலும் முதலீட்டிலேயே கிடக்கிறது. 2023 தொடக்கம், ஒரு மில்லியனுக்கு மேற்பட்ட சொத்தில் ஆண்டுக்கு ஐந்து வீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது கனடிய விதி. அதற்கு முன்னர் அது மூன்றரை வீதமே. ஆகவே கொடை என்பதில் வரி செலுத்தும் தொழிற்சாலைத் தொழிலாளியின் பங்கும் உண்டு. பங்குள்ளவனுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு.

ஊரில் பிடியரிசி சேர்த்த காலத்தை எண்ணிப் பார்ப்போம். உலையேற்றும்போது ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒருபிடி ஒதுக்கினாள். கொடுத்தவர் பலர் என்பதால் எவர் பெயரும் கல்லில் பொறிக்கப்படவில்லை. இன்று எமது ஊர்ச்சங்கங்களிலோ பெருந்தொகை தருபவரே பாடசாலைக்கு மண்டபமா, ஆய்வுகூடமா எனத் தீர்மானிக்கிறார். அங்கு படிக்கும் பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லை. ஷான்யோனை விமர்சிக்கும் நாம் எமது சங்கங்களின் கணக்கையும் திறந்து பார்க்கத் தயாரா? வாசகர்கள் விவாதிக்கட்டும்.