பற்றேட்டில் மறைந்த பெயர்கள்
மலைத்தோட்ட இலக்கியம் குறித்து ஒரு நோக்கு

ஒரு நிலத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு உடையவரின் பெயரைக் காண்பது அரிதன்று. உழைத்தவரின் பெயரைக் காண்பதே அரிது. பாலக்காட்டுப் பரம்பிக்குளம் காடுகளிலிருந்து ஆனைமலை வழியாக இடுக்கியின் மூணாறு வரை நீளும் தோட்டங்கள் இதற்குச் சான்றாகும்.

கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாற்று அரசர் 1877 ஜூலை 11-ஆம் நாள் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகையாக அளித்தார். 1897-இல் கம்பெனி தோன்றிற்று. 1964-இல் டாட்டா, பின்லே நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. 1983-இல் அது டாட்டா டீ ஆயிற்று. 2005-இல் தொழிலாளரும் பங்குபெறும் புதிய கம்பெனியின் கைக்குத் தோட்டங்கள் வந்தன. நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வுடைமைச் சங்கிலியில் ஒரு கண்ணியும் அறுபடவில்லை. வால்பாறைப் பாதையிலோ கார்வர் மார்ஷ் துரைக்குச் சிலையே நிற்கிறது. அவருக்காகக் காடு திருத்தியோர் யார், எவ்வூரார், யார் மக்கள் என்று கேட்டால், ஆவணங்கள் வாய் திறப்பதில்லை. அங்கே இலக்கியம் பேசத் தொடங்குகிறது.

மருத்துவராகத் தோட்டத்தில் பணியாற்றித் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய பி.எச்.டேனியல், 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 2007-இல் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். 2013-இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்தால் அதன் கதையைப் பலரும் அறிவர். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி ஆனைமலைக்கு ஏறுகின்றனர். பனியும் காய்ச்சலும் பிரம்படியும் அவர்களை எதிர்கொள்கின்றன.

இந்நாவலின் சிறப்பு அது வடிக்கும் கண்ணீரில் உள்ளதென்பார் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதன் சிறப்பு அது காட்டும் கணக்கில் உள்ளது. ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி என ஒவ்வொன்றும் பற்றேட்டில் ஏறுகிறது. ஆண்டிறுதியில் கணக்கு முடிக்கையில் கூலி கரைந்து கடன் நிற்கிறது. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்குத் தரகு உண்டு. ஆகவே ஆள் இறங்கிப் போகாமல் காப்பது அவன் பிழைப்பாகிறது. கொடியவன் ஒருவனால் நேர்ந்த துன்பமாக இதனைக் காட்டாமல், ஓர் அமைப்பின் இயக்கமாகக் காட்டியதே ஆசிரியரின் வெற்றி எனலாம்.

இவர்களை அடிமைகள் என்பது தகுமா என்னும் வினா எழும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. எனவே சட்டத்தின் சொல்லில் இவர்கள் அடிமைகள் அல்லர். ஆயினும் முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறையிலடைக்க 1859-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. 1865-இல் திருவிதாங்கூரும் அத்தகைய சட்டம் இயற்றிற்று. விற்கவும் வாங்கவும் இயலாத மனிதனைக் கடனால் கட்டலாம் என்பதே இதன் பொருள். ‘அடிமை’ என்ற சொல் போய்க் ‘கூலி’ என்ற சொல் வந்த இடைவெளியில்தான் நாவலின் களம் அமைந்துள்ளது.

இனி, நாவலின் குறைக்கு வருவோம். டாக்டர் ஆபிரகாம் வந்தபின் கதையின் பார்வை மாறிவிடுகிறது. அதுவரை தம் வாழ்வைத் தாமே வாழ்ந்த மாந்தர், படித்தவர் ஒருவரின் இரக்கத்துக்குரிய நோயாளிகளாகச் சுருங்குகின்றனர். மலையில் நிகழ்வதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் நூல், அம்மக்களை மலைக்குத் துரத்திய ஊரின் சாதிக் கட்டுமானத்தை அதே ஆழத்தில் துருவவில்லை.

இக்குறையை நிரப்புவது புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’. 1935-இல் ‘மணிக்கொடி’யில் வந்த அக்கதை, பண்ணை ஆதிக்கத்துக்குட்பட்ட நெல்லைச் சிற்றூரில் தொடங்கி, மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்கிறது. அவள் மகள் வெள்ளைச்சி தோட்டத்திலேயே வளர்கிறாள். ஊர்ப் பண்ணையாரும் தோட்டத்துத் துரையும் இருவேறு உலகத்தினர் அல்லர். முன்னவர் பற்றிய கையையே பின்னவர் பற்றுகிறார் என்பதைப் புதுமைப்பித்தன் ஓசையின்றி உணர்த்திவிடுகிறார். கேணி ஊரிலேயே தோண்டப்பட்டது. தோட்டத்தில் அது ஆழமாயிற்று. டேனியல் கணக்கைத் தந்தார். புதுமைப்பித்தன் வழிமுறையைத் தந்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே உடையவரும் உழைத்தவரும் முழுமையாகத் தெரிவர்.

இது பழங்கதையன்று. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், கல்வி முதலியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. ஆனால் லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. அதனால் மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்தும் சொந்த மண் இல்லாதோர் பலர். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு போராடியபோது கூலியோடு இக்குறையும் வெளிப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பலரின் பூர்விகம் கயத்தாற்றுப் பக்கம் என்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. உயிரோடிருக்கையில் எந்த ஏடும் உரத்துச் சொல்லாத ஊர்ப்பெயரைச் சாவு சொல்லிற்று.

இலக்கியத்தின் பணி இங்கே நம் பணியுமாகிறது. புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுள் எத்தனையோ, இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் ஒரு கங்காணியின் பின்னே புறப்பட்டவையே. சென்ற இடம் மூணாறோ, கண்டியோ, மலாயாவோ ஆகலாம். ஏறிய ஏடு ஒன்றே. நம் வீட்டு முதியோரிடம் கேட்போம்: எந்த ஊர்? யார் அழைத்துச் சென்றார்? எந்தத் தோட்டம்? எத்தனை பேர் ஏறினர்? எத்தனை பேர் மீண்டனர்? கேட்டதை எழுதி வைப்போம். கருப்பனும் வள்ளியும் மருதியும் கற்பனைப் பெயர்கள். அப்பெயர்களுக்குப் பின்னே நிற்கும் உண்மைப் பெயர்களை இனியும் பற்றேட்டிலேயே விட்டுவிடுதல் தகாது.