அரை மணிக்கு ஒரு கோடு

மருத்துவர் ஒருவருக்கு முன்பதிவுத் திரை செய்துகொண்டிருந்தபோதுதான் ஃபுல்காலண்டரோடு எனக்கு நெருக்கம் உண்டானது. ஜாவாஸ்கிரிப்டில் இயங்கும் காலண்டர். நம் மென்பொருளுக்குள் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். வாரக் காட்சியைத் திறந்தால் ஏழு பத்திகள், அரை மணிக்கு ஒரு கோடு. பத்து மணிச் சந்திப்பை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். அந்த வண்ணக் கட்டம் வழுக்கிக்கொண்டு ஓடாது. படி இறங்குகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு கோட்டிலும் கால் ஊன்றி ஊன்றித்தான் இறங்கும். சத்தமே இல்லை, ஆனாலும் விரல் நுனியில் ஒரு மெல்லிய ‘டக்’ தட்டுப்படுகிறது. அடிவிளிம்பைப் பிடித்து இழுத்தால் அரை மணிச் சந்திப்பு முக்கால் மணியாகக்கூட நீளும்; எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிற்க வேண்டும் என்பதை நாமே சொல்லிவிடலாம்.

நெரிசலை அது சமாளிக்கிற அழகு தனி. ஒரே நேரத்தில் மூன்று பேர் வந்துவிட்டால், பஸ் சீட்டில் தள்ளி உட்காருவதுபோல மூன்று கட்டங்களும் ஒடுங்கிக்கொண்டு ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கும். மாற்றிய நேரத்தைச் சர்வர் ஏற்கவில்லையா? ‘ரிவர்ட்’ என்று ஒரு வார்த்தை போதும், கட்டம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இழுத்தவர் கைக்குத் தெரியாத இந்தப் பொறுமையை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே, இப்போது மணி என்ன என்று காட்டும் மெல்லிய சிவப்புக் கோடு, இன்றைய பத்தியில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது.