காணி உறுதி இல்லாத மரபு: கம்பளைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

குடியேறியோரின் மரபைப் பேணும் ஊர்ப்புற அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. வந்தவர் காட்டை வெட்டினார், வீடு கட்டினார், நிலத்துக்கு உரியவரானார். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய மரக்குடிலும் கலப்பையும் இக்கதைக்குச் சான்றுகளாக வைக்கப்படுகின்றன. இலங்கையில் கம்பளைக்கு அருகே, பழைய பீக்கொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இக்கதையின் முதற்பகுதியை மட்டுமே சொல்லக்கூடியது. மலையகத் தமிழரின் மூதாதையர் காட்டை வெட்டினர், நிலம் அவர்களுடையதாகவில்லை. இந்த இல்லாமையே அவ்வருங்காட்சியகத்தின் மையப்பொருள் என்பதும், அதனை வெளிப்படையாகக் காட்டாதவிடத்து மரபுபேணல் வெறும் நினைவேக்கமாகச் சுருங்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இரு அருங்காட்சியகங்கள்

கண்டிக்கு அருகே அந்தனையில் 1925-இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை, 2001-இல் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. கொழுந்தை உருட்டும், உலர்த்தும் இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லர், தாமஸ் லிப்டன் ஆகியோரின் நினைவுப்பொருள்களும் அங்குள்ளன. 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் டெய்லர் தேயிலை பயிரிட்டதிலிருந்து தொடங்கும் அவ்வரலாற்றில் தோட்டத்துரையே முன்னோடி.

கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007-இல் உருவாக்கிய கம்பளை அருங்காட்சியகம் தொழிற்சாலையை விட்டு லயத்தைத் தேர்ந்தது. தொழிற்கருவிகள், சமையற் பாண்டங்கள், அணிகலன்கள், இசைக்கருவிகள் எனத் தொழிலாளர் கையாண்ட பொருள்கள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. கொழுந்தைப் பறித்தவரையும் கவ்வாத்து வெட்டியவரையும் வரலாற்றின் எழுவாயாக்கியது இத்தேர்வு. இவ்வகையில் அது அந்தனையின் கதைக்கு எதிருரை.

கையில் எடுத்துச்செல்லும் மரபு

இப்பொருள்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: இவை அனைத்தும் பெயர்த்து எடுத்துச்செல்லக்கூடியவை. இதனைத் தற்செயல் எனக் கொள்ள இயலாது. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிச் சிங்கள விவசாயிகளின் வழக்குரிமைகளைப் புறந்தள்ளி, மலைநிலத்தைத் தோட்ட முதலீட்டாளர்களுக்கு விற்பதற்கு வழிசெய்தது. ஒரே நிலத்தில் துரையின் குடியேற்றம் காணி உறுதியைப் பெற்றது. தொழிலாளியின் குடியேற்றம் வேலையோடு பிணைக்கப்பட்ட ஒரு காம்பராவைப் பெற்றது. காட்டை வெட்டி வளமாக்கியவர் என்னும் பெருமிதத்தை மட்டும் முன்வைத்தால், துரைக்குரிய முன்னோடிக் கதையே ஆள்மாறி ஒலிக்கும். நிலமிழந்த கண்டி விவசாயியும் அக்கதைக்குள் வரவேண்டும்.

ஆவணங்களின் நிலையும் இத்தகையதே. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புச் சான்றைக் கோரியது. 1949-ஆம் ஆண்டின் இந்தியர், பாகிஸ்தானியர் வதிவுச் சட்டம், 1946-க்கு முன் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று கேட்டது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஆகவே ஒரு தொழிலாளர் குடும்பம் காத்துவைத்த பழைய தாள், அவ்வீட்டார் எந்நாட்டினர் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. அதனை எச்சட்டத்தின் முன் நீட்ட நேர்ந்தது என்னும் விளக்கம் இல்லாவிடில், காண்பவருக்கு அது பழுப்பேறிய காகிதமாகவே எஞ்சும்.

லயம் கடந்தகாலமா?

லயத்தையே அருங்காட்சியகமாக்கியது துணிவான முடிவு. அதிலேயே ஓர் இடரும் உண்டு. அருங்காட்சியகம் என்னும் வடிவம், தான் ஏற்கும் பொருளைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக் கடந்தகாலத்துக்கு உரியதாக்குகிறது. மலையகத்தில் லயம் இன்னும் வாழ்விடம். 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் 2015-க்குப் பின் முன்னெடுக்கப்பட்டபோதும், ஏராளமான குடும்பங்கள் காம்பராக்களிலேயே வாழ்கின்றன. செப்பனிடப்பட்ட லயத்தைப் பார்த்துத் திரும்பும் பயணி, "அக்காலத்தில் இப்படி வாழ்ந்தனர்" என்று எண்ணினால், காட்சி உண்மையாக இருந்தும் முடிபு பொய்யாகிவிடும்.

முடிவுரை

சேகரிப்பின் அளவைக் கொண்டு கம்பளை அருங்காட்சியகத்தை மதிப்பிடுவது பொருந்தாது. ஆவணத்தின் அருகே அதனைக் கோரிய சட்டத்தின் விதியும், காம்பராவின் அருகே இன்றைய லயத்தின் நிலையும், மலைநிலம் கைமாறிய வரலாறும் இடம்பெறும்போதுதான் அதன் நோக்கம் நிறைவுறும். 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சென்ற நடைபயணம், 200 ஆண்டுக்கால வருகையை நினைவுகூர்ந்தவாறே காணியுரிமையையும் கோரியது. நினைவையும் உரிமையையும் அம்மக்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அவர்களது மரபைப் பேணும் நிறுவனமும் பிரிக்கலாகாது. காணி உறுதிக்கென ஓர் இடத்தை அது வெறுமையாக விட்டுவைப்பினும் தகும். அவ்வெறுமைக்குரிய காரணம் அதன் கீழ் எழுதப்பட்டிருக்க வேண்டும்.