தட்டினால் கட்டைச் சத்தம் வரணும்

வளைவான தையல்களை இஸ்திரி போட அடியில் வைக்கும் இறுக்கமான திண்டுதான் டெய்லர்ஸ் ஹாம். அதைத் தைக்க உட்காருபவர்கள், மேல்துணி பூப்போட்டதா கட்டம்போட்டதா என்று அரைநாள் யோசிக்கிறார்கள். உள்ளே திணிக்க மட்டும் பழைய தலையணையைப் பிரித்துவிடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது.

ஹாமுக்கு மரத்தூள்தான். அறுவை மில்லில் வாங்கி, வெயிலில் காயவைத்து, சிராய் இல்லாமல் சலித்துக்கொள்ள வேண்டும். தேக்கு வேண்டாம், எண்ணெய்ப் பசை. பைன் தூளில் பிசின் உண்டு, சூட்டில் கசியும். பஞ்சு அமுங்கும். பாலியெஸ்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெட்டுத்துணியைத் திணிக்கும் கட்சியோடு நான் சண்டைக்குப் போவதில்லை. பொடியாக நறுக்கி இறுக்கினால் ஓரளவு நிற்கும். ஆனால் எங்காவது ஒரு முண்டு முட்டி, சரியாக டாட் மடிப்பின் நுனியில் அச்சு விழும். மரத்தூள் சீராகப் படியும், நீராவி ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும்.

வெட்டுவது சுலபம். 14 அங்குலத்துக்கு 10 அங்குலம், ஒரு முனை குறுகிய முட்டை வடிவம். ஒரு பக்கம் காடா, மறுபக்கம் நனைத்துச் சுருக்கிய கம்பளி, உள்ளே காடாவிலேயே இன்னொரு அடுக்கு. பொடித்தையல், இரண்டு ஓட்டு. வேலையே அதற்குப் பிறகுதான். ஒரு கரண்டி தூள் போட்டு, மத்துக் காம்பால் இடிக்க வேண்டும். நிரம்பிவிட்டதுபோல் தோன்றும், தரையில் ஓங்கித் தட்டினால் நாலு விரல் இறங்கும். மறுபடி போட்டு இடி. தையல் பல்லிளிக்கப் போகிறது என்று பயம் வரும்போதும் இன்னும் ஒரு பிடி பிடிக்கும். இரவு அப்படியே வைத்தால் காலையில் மேலும் கொஞ்சம். பிறகுதான் மெழுகேற்றிய இரட்டை நூலால் வாயைத் தைப்பது.

கடைத்தெருவில் கோட்டு தைத்த மாஸ்டர் ஒருவரின் ஹாம் அப்படிப்பட்டது. சூடுபட்டுப் பழுப்பேறி, தட்டினால் கட்டைச் சத்தம் வரும். கோட்டின் டாட்டை அதன் மேல் வளைத்துப் போட்டு, மடிப்புக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு செருகுவார். இல்லாவிட்டால் மடிப்பின் கோடு வெளிப்பக்கம் தெரியும். மேலே ஈரத்துணி. கரிப்பெட்டியை இழுக்கமாட்டார், வைத்து வைத்து எடுப்பார். அப்புறம் யாரையும் தொடவிடமாட்டார். ஈரச்சூட்டில் இளகிய கம்பளி, ஆறும்போதுதான் வளைவைப் பிடித்துக்கொள்ளும். அவசரக்காரர்கள் சூட்டோடு உருவிவிட்டு, ஹாமைக் குறை சொல்கிறார்கள்.

இன்று பிரின்சஸ் கட் பிளவுஸுக்குக் கேட்கிற கூலிக்குக் குறைவில்லை. வளைத்துத் தைத்ததைத் தட்டை மேசையில் போட்டு நசுக்கி, நெஞ்சில் ஒரு சுருக்கத்தோடு மடித்துக் கொடுக்கிறார்கள். கேட்டால், “போட்டா சரியாயிடும்மா” என்கிறார்கள். ஆகாது. கடையில் ஒரு ஹாமாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது. அதில் குண்டூசி குத்தி வைத்திருந்தார்கள்.