கோடு சேரும் இடம்

ஃபானுக் ரோபோ கை அசைய மறுத்தால், அனுபவசாலி முதலில் நிரலைத் திறப்பதில்லை. அலாரம் எண்ணைப் படிப்பார். ‘எஸ்ஆர்விஓ-062’ என்றால் பாதிக் கதை தெரிந்துவிடும்: கை தன் நிலையை மறந்துவிட்டது.

ஒவ்வொரு மூட்டின் மோட்டாரிலும் அதன் சுழற்சியை எண்ணும் ஒரு பல்ஸ் கோடர் உண்டு. மின்சாரம் இல்லாதபோது அதன் கணக்கைக் காப்பவை, பல மாடல்களில், அடிப்பாகத்தில் இருக்கும் நான்கு டார்ச்லைட் கட்டைகள். லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தின் ஞாபகம் கடைத்தெருக் கட்டையில்! கன்ட்ரோலர் இயங்கும்போதே அவற்றை மாற்ற வேண்டும்; அணைத்துவிட்டுக் கழற்றினால் ஞாபகம் போச்சு.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். அனுபவசாலி அலாரத்தை நீக்கி, மூட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, கையின் உடலில் பொறித்த இரண்டு சிறு கோடுகள் நேருக்கு நேர் வரும்வரை கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். கடைசி இழை நகர்வுக்கு, ரோபோவை இயக்கும் கைக்கருவியான பென்டன்ட்டின் பொத்தானில் விரல் பட்டும் படாமலும் விழும். ஊசியில் நூல் கோர்க்கும் தையல்காரரின் மூச்சடக்கம்தான். கோடு சேர்ந்ததும் அந்த நிலையைப் பூஜ்யமாகப் பதிவுசெய்வார். ஆனாலும் உடனே ஓட்டிவிட மாட்டார். மூட்டில் மயிரிழைப் பிசகு கை நுனியில் பெருகி நிற்கும். ஆகவே தெரிந்த ஒரு புள்ளிக்கு மெல்லக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பார்.

உங்கள் பட்டறையில் ரோபோ இருந்தால், கட்டை மாற்றிய தேதியை அதன் அடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.