3018 ரூட்டரில் ஹோமிங்: பொருத்தி ஓட்டிப் பார்த்ததில்

மேசைமேல் வைக்கும் 3018 ரக சிஎன்சி ரூட்டர்களில் விலை குறைந்தவை பலவும் லிமிட் சுவிட்ச் இல்லாமலே வருகின்றன. பிட்டைப் பலகையின் மூலைக்கு நகர்த்தி, அங்கே பூஜ்யம் வைத்து ஓட்டலாம். நன்றாகவே ஓடும், கரண்ட் போகும்வரை. ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் நிற்கும் இடம் தெரியாது. அனுப்பிய பல்ஸ்களை கன்ட்ரோலர் எண்ணி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மின்சாரம் நின்றால் அந்தக் கணக்கும் போச்சு, பாதி செதுக்கிய பலகையும் போச்சு.

இதற்குத் தீர்வு ஹோமிங்: அச்சின் முனையிலுள்ள லிமிட் சுவிட்சைத் தொட்டு மெஷின் தன் இடத்தைக் கண்டுகொள்வது. மூன்று அச்சுக்கும் சுவிட்ச் பொருத்தி, கன்ட்ரோலரில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1-ல் ஹோமிங்கை இயக்க $22=1 கொடுத்தேன். இனி மெஷினை ஆன் செய்தால் அலாரத்தில்தான் எழும். ஹோமிங் முடியாமல் ஜாப் ஓடாது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. $எக்ஸ் கொடுத்துப் பூட்டைத் திறந்து ஓட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஹோமிங் கட்டளை கொடுத்ததும் முதலில் இசட் மேலே ஏறுகிறது. பிட் மரத்துக்குள் இருக்கும்போது கரண்ட் போயிருந்தாலும், நேராக வெளியே வந்துவிடும். அதன் பிறகே எக்ஸும் ஒய்யும் நகர்கின்றன. சுவிட்சை முதலில் வேகமாகத் தொட்டு, சற்றே பின்வாங்கி, நிமிடத்துக்கு 25 மி.மீ. வேகத்தில் ஊர்ந்து மறுபடி தொடுகிறது. துல்லியம் கிடைப்பது இந்த இரண்டாவது தொடுதலில்தான். நேரம் மிச்சமாகும் என்று, இந்த மெதுவான வேகத்தை வைக்கும் $24-ஐ ஏற்றிவிடாதீர்கள். டயல் கேஜ் வைத்துத் திரும்பத் திரும்ப ஹோம் செய்தேன். ஒரு கோடு 0.01 மி.மீ. கொண்ட அந்தக் கேஜில் முள் கிட்டத்தட்ட அதே கோட்டுக்கே வந்தது. மரவேலைக்கு இது தாராளம்.

ஜாப் நடுவே வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தேன். ஜி54-ல் வைத்த வேலைப் பூஜ்யம் கன்ட்ரோலரின் நினைவகத்தில் அப்படியே இருந்தது. ஹோம் செய்து, நின்ற வரிக்குச் சற்று முன்னிருந்து தொடர்ந்தேன். செதுக்கலில் படி விழவில்லை. ஜி92-ல் வைத்த பூஜ்யம் இப்படித் தங்காது. பிட்டை மாற்றினால் இசட்டை மட்டும் புதிதாகத் தொட்டு வைக்க வேண்டும்.

சுவிட்ச் விஷயத்தில் நெம்புகோல் வைத்த மைக்ரோ சுவிட்ச் மலிவு, ஆனால் தூளும் வளையும் நெம்புகோலும் அதற்கு எதிரி. இன்டக்டிவ் சென்சாருக்கு மரத்தூள் பொருட்டே இல்லை. அலுமினியச் சீவல் முகப்பில் ஒட்டினால்தான் ஏமாறும். அதன் 12 அல்லது 24 வோல்ட் சிக்னலை போர்டின் 5 வோல்ட் பின்னில் நேரே கொடுக்காதீர்கள், நடுவே ஆப்டோகப்ளர் வேண்டும். மைக்ரோ சுவிட்ச்தான் என்றால் நார்மலி குளோஸ்டாக இணையுங்கள், ஒயர் அறுந்தால் உடனே தெரியும். ஸ்பிண்டில் ஒயரோடு சேர்த்துக் கட்டினால் அதன் இரைச்சலே சுவிட்சை அழுத்தியதுபோல் காட்டிவிடும். ஷீல்டு கேபிள் போட்டுத் தனியாக இழுங்கள்.

ஹோமிங்கால் ஆகாத வேலையும் உண்டு. அதிவேகத்தில் மோட்டார் ஸ்டெப் தவறினால் ஓட்டத்தின் நடுவே அது கண்டுபிடிக்காது. நீண்ட ஜாப் முடிந்ததும், மெஷினின் சொந்த ஆயத்தொலைவில் நகர்த்தும் ஜி53 கொடுத்து ஹோம் இருக்கும் இடத்துக்கு அனுப்பி டயல் கேஜைப் பாருங்கள், பிறகு ஹோம் செய்து மறுபடி பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் வேகத்தையோ முடுக்கத்தையோ குறைக்க வேண்டும்.

3018 வைத்திருப்பவர்கள் புது ஸ்பிண்டிலுக்குச் செலவழிக்கும் முன் மூன்று சுவிட்ச் வாங்கிப் பொருத்துங்கள்.