ஹாப்கின்ஸ் எரித்ததும் எழுதியதும்

ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் என்றதும் எல்லாரும் சொல்வது, 1868-ல் இயேசு சபையில் சேருமுன் தன் கவிதைகளை எரித்த கதைதான். துறவறம் கலையைக் கொன்னுடுச்சு என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதிக் கதை.

ஏறக்குறைய ஏழு வருடம் கவிதையைத் தள்ளி வைத்திருந்தார். 1875 டிசம்பரில் டாய்ச்லாண்ட் கப்பல் தரைதட்டி ஐந்து கன்னியாஸ்திரிகள் இறந்தபோது, யாராவது இதைப் பாடினால் நல்லது என்றவர் அவருடைய மடத்துத் தலைவரே. நீண்ட கவிதையாக எழுதினார். சபைப் பத்திரிகை அதைப் போடவில்லை. ஆக, எழுதத் தூண்டியதும் சபை, ஒதுக்கியதும் சபை.

1889-ல் இறந்தவரின் கவிதைகளைப் பாதுகாத்து 1918-ல் நூலாக்கியவர் நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ். அவர் கத்தோலிக்கர்கூட இல்லை. ஜெபத்தையும் கவிதையையும் சேர்த்துச் சுமப்பது எழுதுகிறவர் பொறுப்பு மட்டும்தானா? பத்திரமா எடுத்து வைக்கவும் ஒருத்தர் வேணும்.